அந்த நாய் வீட்டில் யாருடையது?

கேள்வி: என் கணவர் சவூதியில் வேலை செய்கிறார். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் தோப்பை ஒட்டிய வீட்டில் நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். ஆண் துணை இல்லாத வீடு என்று என் கொழுந்தன், இறால் பண்ணையில் இருக்கும் நண்பரிடமிருந்து ஓர் ஆண் குட்டியை வாங்கி வந்தார். ராட்வீலரும் ராஜபாளையமும் கலந்தது என்றார்கள். வந்தபோது முப்பது நாள் குட்டி. இப்போது பதினொரு மாதம். என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. பகலெல்லாம் வேப்பமரத்தடியில் சங்கிலியில் கிடக்கிறது, இரவில் அவிழ்த்துவிடுகிறோம். சோறு தின்னும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. போன வாரம் கேட் திறந்திருந்தபோது பாய்ந்து, மீன் கொண்டுவரும் அக்காவின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. மாமியார் மஞ்சள் வைத்துக் கட்டி அனுப்பினார். தனுஷ்கோடிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் அவர். கொழுந்தனோ, பெட்டையோடு சேர்த்துக் குட்டி எடுத்தால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார். நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

நாயைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் மீன்கார அக்காவை இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். ஒரு வாரம் ஓடிவிட்டதே என்று தயங்காதீர்கள், தாமதமானாலும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசிக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாள்களில் திரும்பப் போடுவார்கள். பல் பதிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் கிருமியைக் கொல்லாது. கடித்தவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுவதுதான் சரியான முதலுதவி. வீட்டு நாய்தானே என்பதும் பேச்சில்லை. உங்கள் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டதாகக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஊசிக்குப் போகும் நாள்களில் அந்த அம்மாவுக்கு வியாபாரம் கெடும். அந்தச் செலவு உங்கள் வீட்டுடையது. வெறிநோய் அறிகுறி தெரிகிறதா என்று பார்க்க, கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாய் உங்கள் கண்பார்வையிலேயே இருக்கட்டும், ஆனால் அதைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி நாய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தும் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. வாங்கியவர் கொழுந்தன். சோறு வைப்பது நீங்களோ மாமியாரோ. உங்கள் கணவரோ கடல் கடந்து இருக்கிறார். அப்படியானால் அந்த நாய் யாருடையது? யார் அழைத்தால் வரும், யார் சொன்னால் நிற்கும்? எனக்குத் தெரிந்தவரை உங்கள் வீட்டில் அதற்கு ஆளே இல்லை. நீங்கள் சொன்ன எல்லாத் தொல்லைகளும் அங்கிருந்துதான் வருகின்றன.

இப்போது மண்டபத்திலிருந்து தொண்டி வரை இறால் பண்ணை, கருவாட்டு வாடி, புதிதாகக் கட்டிய வளைகுடா வீடு என்று எங்கே பார்த்தாலும் இப்படிப்பட்ட பெரிய கலப்பு நாய்கள். ராஜபாளையத்தோடு ராட்வீலர், டோகோ, கிரேட் டேன். போதாதென்று பாகிஸ்தானி புல்லி. தலை பெருத்து நெஞ்சு அகன்றிருந்தால் விலை கூடுகிறது. ராஜபாளையம் பன்றி வேட்டைக்குப் பழகிய நாய், ஒரே ஆளிடம் ஒட்டும், அந்நியரை அண்டவிடாது. ராட்வீலர் ஜெர்மனியில் மாடு ஓட்டவும் காவலுக்கும் வளர்ந்த கனத்த நாய், ஆண் ஐம்பது கிலோவைத் தொடும். இரண்டையும் சேர்த்தால் எந்தக் குணம் எந்தக் குட்டிக்கு வரும் என்று விற்பவருக்கும் தெரியாது. ஒரே ஈற்றுக் குட்டிகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. அதற்கு மேல், முப்பது நாளில் தாயிடமிருந்து பிரித்திருக்கிறார்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும். மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை பார்த்த மனிதர்கள், குழந்தைகள், சைக்கிள், கூடைக்காரர்கள் எல்லாம் அதற்குப் பழகியவர்கள். உங்கள் நாய் அந்த வயதில் பார்த்தது வேப்பமரத்தையும் சங்கிலியையும்தான்.

பகலில் கட்டி இரவில் விட்டால் காவல் பலமாக இருக்கும் என்று நம் பக்கத்தில் பிடிவாதமாக நம்புகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அப்படி வளர்ந்த நாய்க்குத் திருடனும் தெரியாது, தபால்காரரும் தெரியாது, அசைவதெல்லாம் பகை. போதிய உடற்பயிற்சி தராமல் நாயை எப்போதும் கட்டியே வைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தடித்த ரோமமுள்ள அந்தப் பிராணி உப்புக்காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பதை நினைத்துப் பாருங்கள். நிழல் நகர நகரச் சங்கிலி எட்டுகிறதா, சட்டியில் தண்ணீர் கவிழாமல் இருக்கிறதா என்று இன்று மதியம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சோற்றுச் சட்டி விஷயத்தை இப்படிச் செய்யுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. நாய் தின்னும்போது பெரியவர் ஒருவர், நாய் கட்டப்பட்ட நிலையில், அது உறுமாத தூரத்தில் நடந்துபோய், முள் நீக்கிய அவித்த மீன் துண்டு ஒன்றைச் சட்டிப் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் திரும்பிவிட வேண்டும். நாள்பட, ஆள் வந்தால் கூடுதலாகக் கிடைக்கிறது என்று அது தலைநிமிர்ந்து பார்க்கத் தொடங்கும். பிறகு தூரத்தை ஓர் அடி குறைத்துக்கொள்ளுங்கள். உடல் விறைத்து, தலையைச் சட்டியோடு தாழ்த்தி, கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், விலகுங்கள். உறுமியதற்காக அடிக்கவே கூடாது. அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிட்டு நேரே கடிக்கும். (கருவாடும் உப்பு மீனும் வேண்டாம். பேத்தை மீன் கழிவு கண்ணிலேயே படக் கூடாது, அது நாயைக் கொல்லும் விஷம்.)

குட்டி எடுக்கும் பேச்சுக்கு என் பதில், கூடாது. கடித்த நாயின் வாரிசுகளை இன்னும் ஆறேழு வீடுகளுக்கு அனுப்புவது அநியாயம். பத்து நாள் கழிந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போடுங்கள், கருத்தடையை எப்போது செய்யலாம் என்றும் கேளுங்கள். பெரிய உடம்புள்ள நாய்க்கு எலும்பு முற்றும்வரை அவர் காத்திருக்கச் சொல்லலாம். கருத்தடை செய்தால் கோபம் போய்விடும் என்று எண்ணாதீர்கள், பழக்கியாக வேண்டும். வெளியே அழைத்துப்போகும்போது மூச்சு வாங்க இடமுள்ள கூடை போன்ற வாய்மூடி போடுங்கள். இறுக்கிக் கட்டும் துணி மூடி நம் வெக்கைக்கு ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொழுந்தன் கேட்பார். 2024 மார்ச்சில் ராட்வீலர் உள்ளிட்ட 23 வகை நாய்களையும் அவற்றின் கலப்புகளையும் தடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் டெல்லி, கர்நாடக உயர் நீதிமன்றங்கள் அதை ரத்துசெய்தன. அடுத்த மாதமே சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாயைக் கவனக்குறைவாக வைத்து ஆளுக்கு ஆபத்து விளைவித்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு, நாயை வைத்திருப்பவர் மேல்தான் வரும். அங்கே நிற்கப்போவது நீங்கள்.

தனுஷ்கோடி யோசனையை மாமியார் கைவிடட்டும். வளர்த்த பிராணியைக் கைவிடுவதும் குற்றம். அந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன, பசித்த நாய் தோண்டித் தின்றுவிடும். அங்கே வரும் யாத்ரீகர்களின் குழந்தைகளையும் நினையுங்கள்.

காவல் வேண்டும் என்ற உங்கள் பயம் நியாயமானது. தோப்பு வீட்டில் பிள்ளைகளோடு தனியாக இருப்பவருக்கு அது எப்படி இல்லாமல் இருக்கும்? ஆனால் வருகிறவனைக் காட்டிக்கொடுக்கக் குரைக்கிற நாட்டு நாய் ஒன்று, வாசல் விளக்கு, தானே மூடிக்கொள்ளும் கேட் இவை போதும்.

வெள்ளிக்கிழமை கணவர் பேசும்போது கொழுந்தனையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையும் மாலையும் அதை நடத்திப் பழக்கப்போவது யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கொழுந்தன் ஒப்புக்கொண்டால் நாய் அவர் வீட்டில், அவர் பொறுப்பில் வளரட்டும். யாரும் இல்லையென்றால், பெரிய நாயைப் பழக்கிய அனுபவமும் சுற்றுச்சுவரும் உள்ளவராகப் பார்த்து, மருத்துவர் மூலம் விசாரித்துக் கொடுங்கள். கடித்த விவரத்தையும் சட்டி விவரத்தையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். பணம் வாங்க வேண்டாம், மறுபடியும் சங்கிலியில் கட்டிப்போடும் பண்ணைக்கும் அனுப்ப வேண்டாம்.