விடுபட்ட பதில்களை ஊகித்து நிரப்பி (இம்பியூட் செய்து) வந்த ஐந்து தரவுத்தொகுப்புகளையும் சராசரியெடுத்து ஒன்றாக்கி ஆராயலாமா?

கூடாது. மேற்பார்வையாளர் அவசரப்படுத்துகிறார் போலிருக்கிறது. எனக்கும் ஒருவர் வாய்த்தார்.

திருகோணமலையில் ஒரு கணக்கெடுப்பின் தரவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பங்கள். "போன மாதம் எவ்வளவு உழைத்தீர்கள்?" என்ற கேள்விக்கு நிறையப் படிவங்களில் வெறும் கோடு. கேட்கப் போனதோ மார்கழியில், வாடைக்குக் கடல் கொந்தளிக்கிற நேரம். படகு கரையில் கிடக்கும்போது வருமானம் கேட்டால் யார் வாய் திறப்பார்கள்?

ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருளின் மைஸ் பொதியைக் கொண்டு நிரப்பினேன். நாம் எண்ணிக்கை சொல்லாவிட்டால் அது ஊகம் சற்றுச் சற்று மாறும் ஐந்து பிரதி தரும். "ஐந்து எதுக்குத் தம்பி, சராசரி போட்டு ஒண்டாக்கித் தாரும்" என்றார் பெரியவர். மாட்டேன் என்று தாளிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். எண்கள் இலகுவுக்காக நான் இட்டவை. ஐந்திலும் தனித்தனியே ரிக்ரஷன் (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்ற கணக்கு) ஓட்டியதில் கெழு, அதாவது அந்த அளவு, 2, 3, 4, 3, 3. ஒவ்வொன்றின் மாறற்றிறனும் (விடை எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு) 2. விடை 3, அதில் சண்டையில்லை. ஆனால் ஐந்து விடைகளுக்கும் இடையிலான மாறற்றிறன் 0.5. அதை 1.2 ஆல் (ஒன்றுடன் ஐந்தில் ஒரு பங்கு) பெருக்கி 2 உடன் கூட்டினால் 2.6. நியம வழு, அதாவது இதன் வர்க்கமூலம், 1.41 அல்ல, 1.61. 3 ஐ அதால் வகுத்தால் 2.12 வந்திருக்கும் இடத்தில் 1.86. ஏறத்தாழ 2 ஐத் தாண்டினால்தான் 'இது தற்செயலல்ல' என்ற நட்சத்திரம்; அட்டவணையில் அது போச்சு! சராசரியெடுத்த ஒற்றைத் தொகுப்புக்கு அந்த 0.5 தெரியவே தெரியாது. ஊகித்த எண்ணையும் கேட்டு வாங்கிய எண்ணாகவே நம்பிவிடும். இது புள்ளிவிபரவியலாளர் டொனால்ட் ரூபினின் விதி, என் கண்டுபிடிப்பு இல்லை. மைஸில் இதற்கான கட்டளைகள் வித், பிறகு பூல். ஸ்டேட்டா மென்பொருளில் எம்ஐ எஸ்டிமேட். அப்புறம், நீங்கள் விளக்கப்போகும் விளைவு மாறியையும் நிரப்பும்போதே சேர்த்துவிடுங்கள்.

ஐந்து போதாது என்று யாராவது கீழே வருவார்கள். தெரியும். நூற்றுக்கு 30 படிவம் முழுமையில்லை என்றால் 30 பிரதியாவது எடுப்பது நல்லது. நான் சொன்னது கூட்டும் முறையை. வருமானத்தை வேண்டுமென்றே மறைத்தால் என்ன செய்வாய் என்பவர்களுக்கு: ரூபின் விதி அந்தக் கோணலை நிமிர்த்தாதுதான். நிரப்பிய வருமானங்களைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் திரும்ப ஓட்டுங்கள். முடிவு புரண்டால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

கடல் அடங்கியபிறகு சித்திரையில் போயிருந்தால் பாதிக் கோடு விழுந்திராது. கொழும்பிலிருந்து திட்டம் போடுகிறவர்களுக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். கிண்ணியாவிலிருந்து வந்து வீடுவீடாகக் கேட்ட பிள்ளைகளுக்குப் பஸ் காசு இன்னும் கொடுக்கவில்லை. பற்றுச்சீட்டு இல்லையாம். குச்சவெளி பஸ்ஸில் டிக்கெட் கிழித்துத் தந்த கண்டக்டரை நான் இதுவரை காணவில்லை.