அரிசியை நிறுத்தினால் ஃபிட்ஸ் நிற்குமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. 3 வயதிலிருந்து ஃபிட்ஸ் வருகிறது. வால்ப்ரோயேட் சிரப், லெவெடிரசெட்டம் மாத்திரை இரண்டையும் நேரம் தவறாமல் கொடுக்கிறோம். அப்படியும் வாரத்துக்கு நான்கைந்து முறை வந்துவிடுகிறது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு கொடுத்தால் நின்றுவிடும் என்று யூடியூபில் பார்த்தேன். என் மாமியாரோ, அரிசியை நிறுத்திவிட்டுச் சாமையும் கேழ்வரகும் கொடுத்தால் போதும் என்கிறார். எதை வீட்டிலேயே தொடங்கலாம்? மருந்தை எப்போது நிறுத்தலாம்? என் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வசதி அதிகமில்லை. — ஒரு தாய், சேலம்

பதில்: சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் விடாமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். யூடியூபைப் பார்த்து நாளைக் காலையே உணவை மாற்றிவிடவும் வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான் இந்த உணவுச் சிகிச்சையே இருக்கிறது.

பொருத்தமான மருந்துகள் இரண்டைப் போதிய அளவில் ஒழுங்காகக் கொடுத்தும் வலிப்பு அடங்கவில்லை என்றால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நிலைமை இதுதான். அதற்குமேல் மூன்றாவது, நான்காவது மருந்து என்று சேர்க்கச் சேர்க்க முழுதாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. அந்தக் கட்டத்தில் உணவுச் சிகிச்சையைப் பற்றிக் கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதைப் பார்ப்போம். சேர்வராயன் மலைச் சாமையும் கேழ்வரகும் நல்ல தானியங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 100 கிராம் அரிசியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து என்றால், சாமையிலும் கேழ்வரகிலும் 65 கிராமுக்கு மேல் இருக்கிறது. இந்தச் சிகிச்சையைப் பொறுத்தவரை அது பெரிய வித்தியாசமே இல்லை. சோற்றுக்குப் பதில் களி கிண்டிப் போட்டால் வலிப்பு நிற்காது. குச்சிக்கிழங்கும் உதவாது. ஜவ்வரிசி இன்னும் மோசம், அது முழுக்க முழுக்க மாவுதான். அதேபோல, வழக்கம்போலச் சோறு போட்டுவிட்டு மேலே இரண்டு ஸ்பூன் செக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்தாலும் பலன் இருக்காது, பிள்ளைக்கு எடைதான் ஏறும்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. உடலுக்கு மாவுச்சத்து கிடைக்காதபோது கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்ற பொருளை உண்டாக்குகிறது. வழக்கமாகக் குளுக்கோஸில் ஓடுகிற மூளை அப்போது கீட்டோனில் ஓடத் தொடங்கும். அந்த நிலை நீடித்தால் பல பிள்ளைகளுக்கு வலிப்பு தணிகிறது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதைப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர், வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே உடலைப் பட்டினி நிலையில் வைத்திருக்கக் கொழுப்பு மிகுந்த உணவை முன்வைத்தார். கீட்டோ என்ற பேச்சு அங்கே தொடங்கியதுதான். 1938-ல் ஃபெனிடாயின் மாத்திரை வந்தபின் பின்னுக்குப் போன இந்த முறை, மாத்திரைக்கு அடங்காத பிள்ளைகளுக்காக மறுபடி முன்னுக்கு வந்திருக்கிறது.

யூடியூபில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் எடை குறைப்பதற்கான கீட்டோவாக இருக்கும். அங்கே வளர்ந்த ஆள் ஒருவர் மெலிவதற்காகச் சாப்பிடுகிறார். உங்கள் மகனோ வளர வேண்டிய பிள்ளை. இரண்டுக்கும் ஒரே அட்டவணை சரிவராது.

வலிப்புக்கான உணவிலும் சில வகைகள் உண்டு. பழைய முறையில் 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்த்தே 1 கிராம்தான். உடலுக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் கொழுப்பிலிருந்தே வரும். கைக்குழந்தைகளுக்கும் குழாய் வழியாக உணவு எடுக்கும் பிள்ளைகளுக்கும் அது தோதானது. ஓடியாடித் திரிகிற 7 வயதுப் பிள்ளைக்கு நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது மாற்றியமைத்த அட்கின்ஸ் முறை. இதில் மாவுச்சத்தைத் தொடக்கத்தில் நாளுக்கு 10 கிராம் அளவில் கட்டுப்படுத்துவார்கள். முட்டை, மீன், கோழி, பனீருக்குக் கடுமையான அளவு கிடையாது. எண்ணெயும் வெண்ணெயும் தாராளமாகச் சேரும். தில்லியில் மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள 102 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில், உணவை மாற்றிய பிள்ளைகளில் 52 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மாற்றாத பிள்ளைகளில் அப்படிக் குறைந்தது 11.5 சதவீதம் பேருக்குத்தான். முழுதாக நின்றுபோனது பத்தில் ஒருவருக்கு. நம்பிக்கை வைக்கலாம், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் நின்றுவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, 10 கிராம் என்றால் எவ்வளவு? நடுத்தர இட்லி மூன்றில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பள்ளிக்குக் கிளம்பும் முன்பே மூன்று நாள் கணக்கு முடிந்துவிட்டது! அதே நேரத்தில் 2 முட்டையில் 1 கிராம்தான். அதை 15 கிராம் வெண்ணெயில் ஆம்லெட்டாகப் போடுங்கள். 30 கிராம் தேங்காயில் கெட்டிச் சட்னி அரைத்தால், நார்ச்சத்தைக் கழித்துப் பார்க்கும்போது அதில் 2 கிராம் வரும். சின்ன வெங்காயம் இரண்டைத் தாளித்துப் போட்டாலும் எல்லாம் சேர்ந்து 5 கிராமுக்குள் அடங்கிவிடும். ஒன்றே ஒன்று, சட்னிக்குப் பொட்டுக்கடலை கூடாது. நாம் கை போன போக்கில் அள்ளிப் போடுகிற அந்த ஒரு பிடி, கணக்கையே கவிழ்த்துவிடும்.

உங்கள் கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார் என்று படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கிராம் என்றால் என்ன என்பதை அவர் கை சொல்லும். முதல் சில வாரங்கள் எடை போடும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். நம் வீட்டில் கரண்டி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. தராசு பொய் சொல்லாது. ஆனால் பட்டறைத் தராசைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள். வெள்ளித் தூளும் பற்றவைப்புப் பொடியும் பட்ட தட்டில் பிள்ளையின் உணவு படக் கூடாது. ஒவ்வொரு கிராமாகத் துல்லியமாகக் காட்டும் சின்னத் தராசைத் தனியாக வாங்கி வையுங்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். டப்பாவில் அடைத்து கீட்டோ என்று பெயர் போட்டு விற்கும் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. முட்டை, தேங்காய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், வெண்ணெய், கீரை, சுரைக்காய், வெண்டைக்காய் போதும். ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்குள் விளைகிற, நாம் பட்டர் ஃப்ரூட் என்று சொல்லும் வெண்ணெய்ப்பழம் இந்த உணவுக்கென்றே பழுத்தது போல. 100 கிராமில் 15 கிராம் கொழுப்பும், நார் போக 2 கிராம் மாவுச்சத்தும்தான். கடையில் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துத் தரும் ஜூஸ் வேண்டாம். பழத்தை வீட்டில் பிளந்து உப்பும் மிளகும் தூவிக் கொடுங்கள்.

மாம்பழம்தான் கஷ்டம். 100 கிராம் சதையில் 15 கிராம் சர்க்கரை இருக்கும். சித்திரை, வைகாசியில் சேலத்து வீடுகளில் மல்கோவா வாசனை இல்லாமல் இருக்காது. அந்த இரண்டு மாதம் வீட்டிலுள்ள மற்றவர்களும் அவன் முன்னால் சாப்பிடாமல் இருந்தால் நல்லது. இந்த உணவு முறையைப் பாதியிலேயே கைவிட்ட குடும்பங்களில், பிள்ளை அழுது பெற்றவர்கள் மனம் இளகியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அது குற்றமில்லை. ஆனால் தொடங்கும் முன்பே பாட்டி, தாத்தா, அத்தை, மாமா எல்லாரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். பாட்டி பாசத்தோடு ஊட்டும் ஒரு பிஸ்கட் போதும், உடல் கீட்டோன் நிலையிலிருந்து வெளியே வந்து அன்றிரவே வலிப்பு வரலாம்.

சாப்பாட்டுத் தட்டில் இல்லாத சர்க்கரையும் உண்டு. என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதம் வலிப்பே இல்லை. திடீரென்று ஒரே வாரத்தில் மூன்று முறை. அந்தத் தாய் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகக் கவிழ்த்துப் பார்த்து ஓய்ந்துபோனார். கடைசியில் அது சளிக்குக் கொடுத்த இருமல் சிரப். உங்கள் மகன் குடிக்கும் வால்ப்ரோயேட் சிரப்பிலும் இனிப்பு இருக்கலாம். மாத்திரை வடிவில் மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். காய்ச்சல் சிரப், சத்துமாவுப் பொடி, சப்பிச் சாப்பிடும் வைட்டமின் மாத்திரை எல்லாவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

வீட்டிலேயே தொடங்க வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே கொழுப்பை எரிக்கும் திறன் குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்த உணவைக் கொடுத்தால் மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், உயிரும் போகலாம். வெளியே பார்த்தால் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அதோடு கல்லீரல், சிறுநீரகம், ரத்தக் கொழுப்பு, உயரம், எடை எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். இன்னொரு பக்கம், மூளைக்குள் குளுக்கோஸ் போய்ச் சேராத ஒரு மரபுக் குறைபாடும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த உணவுதான் முதல் சிகிச்சை. இப்படி ஒரே உணவு ஒருவருக்கு விஷமாகவும் இன்னொருவருக்கு மருந்தாகவும் இருப்பதால்தான் மருத்துவர் முன்னிலையில் தொடங்கச் சொல்கிறேன்.

தொடங்கிய பிறகு பல பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் வரும். கீரையும் தண்ணீரும் அதற்கு உதவும். சிலருக்குச் சிறுநீரகக் கல் வரலாம், அதனால் சேலத்து வெயிலில் தண்ணீர் குடிப்பதை மறக்கவிடாதீர்கள். டோபிரமேட் என்ற மருந்து கொடுத்தால் கல் வரும் வாய்ப்பு கூடும், அதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். வளர்ச்சி கொஞ்சம் மந்தப்படலாம். கால்சியம், வைட்டமின் மாத்திரைகள் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கீட்டோன் போதுமா என்று பார்க்கச் சிறுநீரில் நனைக்கும் பட்டை மருந்துக் கடையில் கிடைக்கும். நிறம் ஊதாவாக மாறினால் சரி.

காய்ச்சலோ வாந்தியோ வந்து மருத்துவமனைக்கு ஓடினால், பழக்கத்தில் உடனே குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிவிடுவார்கள். பிள்ளை இந்த உணவில் இருக்கிறான் என்று உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி மருத்துவ அட்டையோடு வைத்திருங்கள். ரத்தச் சர்க்கரை குறைந்திருந்தால் குளுக்கோஸ் தேவைப்படும், அப்போது தடுக்காதீர்கள். குறையவில்லை என்றால் குளுக்கோஸ் இல்லாத சலைன் ஏற்றச் சொல்லலாம்.

பள்ளியிலும் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்றால் காலை உணவாகப் பொங்கலோ உப்புமாவோ போடுவார்கள், பிறந்தநாள் மிட்டாயும் வரும். ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் அவரே பார்த்துக்கொள்வார். வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும், 5 நிமிடத்துக்கு மேல் போனால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதம் பாருங்கள். பலன் இல்லையென்றால் மருத்துவர் படிப்படியாக நிறுத்திவிடுவார், ஒரே நாளில் சோற்றுக்குத் திரும்பக் கூடாது. பலன் இருந்தால் பொதுவாக இரண்டு ஆண்டுகள் தொடர்வார்கள். மருந்தைக் குறைப்பதைப் பற்றி வலிப்பு குறைந்து சில மாதங்கள் ஆன பிறகு மருத்துவரே பேச்சை எடுப்பார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாத்திரையிலேயே வலிப்பு அடங்கியிருந்தால் உங்களுக்கு இந்த உணவு தேவையே இல்லை. சோறு, இட்லி, தட்டுவடை எல்லாம் சாப்பிடலாம். வேளைக்குச் சாப்பாடு, நல்ல தூக்கம், தவறாத மாத்திரை, இவ்வளவுதான். விரதமிருந்தால் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஏற்காட்டிலிருந்து வாங்கிவரும் நீலகிரி தைலத்தையும் கற்பூரம் சேர்ந்த தைலங்களையும் வலிப்பு உள்ளவருக்குத் தேய்க்காதீர்கள், ஆவி பிடிக்கவும் போடாதீர்கள். இரண்டுமே வலிப்பைத் தூண்டக்கூடியவை.

சகோதரி, இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஃபிட்ஸ் வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று எழுதி வையுங்கள். முடிந்தால் போனில் ஒரு முறை படம் பிடியுங்கள். அதையெல்லாம் எடுத்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள்.