ஹாஃப் டிமினிஷ்ட் கார்ட் ஏன் அபஸ்வரமாகக் கேட்கிறது?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் கிதார் பழகி வருகிறேன். ஒரு விரலைக் குறுக்கே வைத்துப் பல தந்திகளை அழுத்தும் பார் கார்ட்களைச் சிரமமின்றி வாசிக்க முடிகிறது. ஆனால், ‘பி மைனர் 7 ஃபிளாட் 5’ வரும் இடத்தில் மட்டும் எப்படிப் பிடித்தாலும் அபஸ்வரமாகவே ஒலிக்கிறது. அதற்குப் பதிலாக பி மைனர் 7 வாசித்துவிடலாமா?

பதில்: கூடாது. இந்தக் கார்ட் பெரும்பாலும் சி மேஜரிலோ ஏ மைனரிலோ அமைந்த பாடல்களில்தான் வரும். அவற்றில் எஃப் உண்டு, எஃப் ஷார்ப் கிடையாது. பி மைனர் 7-இல் இருப்பதோ எஃப் ஷார்ப். அதை அரை ஸ்வரம் இறக்கி எஃப் ஆக்கினால் கிடைக்கும் பி, டி, எஃப், ஏ என்ற நான்கு ஸ்வரங்களின் கூட்டைத்தான் ஹாஃப் டிமினிஷ்ட் என்கிறோம். கர்நாடக இசை அறிந்தவர்கள், சங்கராபரணத்தின் நிஷாதத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக நி, ரி, ம, த என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த நிஷாதத்தை ஆதார ஷட்ஜமாக வைத்துக் கிரக பேதம் செய்தால், அதாவது அதே ஸ்வரங்களை அங்கிருந்து புதிதாக எண்ணினால், பஞ்சமம் கிடைக்காமல் போவதற்கும், இந்தக் கார்டின் ஐந்தாம் ஸ்வரம் ‘ஃபிளாட்’ (அரை ஸ்வரம் இறங்கியது) ஆவதற்கும் காரணம் ஒன்றே.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். நீங்கள் பி மைனர் 7-க்கான பாரை அப்படியே வைத்துக்கொண்டு, நான்காம் தந்தியில் (மிக மெல்லியதே முதல் தந்தி) இருக்கும் விரலை மட்டும் நான்காம் ஃப்ரெட்டிலிருந்து (ஃப்ரெட் என்பது கிதாரின் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) மூன்றாவதற்கு இறக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது நான்காம் தந்தியில் எஃப் ஒலித்தாலும், பாரின் கீழ் அழுந்தியிருக்கும் முதல் தந்தி எஃப் ஷார்ப்பை ஒலித்துக்கொண்டே இருக்கும். இரண்டும் மோதுவதைத்தான் நீங்கள் அபஸ்வரமாகக் கேட்கிறீர்கள்.

ஆகவே பாரை விட்டுவிடுங்கள். சுட்டுவிரலால் ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டையும், மோதிரவிரலால் நான்காம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டையும், நடுவிரலால் மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டையும், சுண்டுவிரலால் இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டையும் அழுத்துங்கள். சுட்டுவிரலின் நுனி ஆறாம் தந்தியை லேசாக உரசி அடக்க வேண்டும். அதே விரலின் அடிப்பகுதி முதல் தந்தியை அழுத்தாமல் தொட்டு நிற்க வேண்டும். தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டினால் பி, எஃப், ஏ, டி என நான்கு ஸ்வரங்கள் மட்டுமே கேட்க வேண்டும். ஓரத் தந்திகள் இரண்டும் ‘டொக்’ என்று நின்றுவிட வேண்டும். கைதவறி முதல் தந்தி திறந்த நிலையில் ஒலித்துவிட்டால் இ ஸ்வரம் வரும். அது அவ்வளவாக உறுத்தாது.

இதைத் தனியாக நூறு முறை பிடித்துப் பழகுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தனியே கேட்கும்போது இது முடியாத வாக்கியம் போலத்தான் இருக்கும். மைனர் ஸ்கேலில் இதற்கு அடுத்து வழக்கமாக வரும் இ 7, ஏ மைனர் ஆகிய இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள். மேலே சொன்ன பிடியில் நான்காம் தந்தியின் எஃப்பை இரண்டாம் ஃப்ரெட்டுக்கும், மூன்றாம் தந்தியின் ஏவை முதல் ஃப்ரெட்டுக்கும் இறக்கினால், பியை அடியில் கொண்ட இ 7 கிடைத்துவிடும். மற்ற இரண்டு ஸ்வரங்களும் மாறுவதில்லை. ஆனால் விரல்கள் மாறும்: சுட்டுவிரல் மூன்றாம் தந்திக்கும், நடுவிரல் ஐந்தாம் தந்திக்கும் செல்ல, சுண்டுவிரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தச் சுண்டுவிரலைத் தூக்காமல் மற்ற மூன்றையும் மாற்றுவதுதான் பயிற்சி. தாளம் தட்டும் கருவியான மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, கார்டுக்கு நான்கு தட்டு என்று தொடங்கினால் போதும்.

விரல்கள் களைத்தால் டி மைனர் 7 ஃபிளாட் 5-ஐ முயன்று பாருங்கள். நான்காம் தந்தியைத் திறந்து விட்டு, மற்ற மூன்று மெல்லிய தந்திகளையும் முதல் ஃப்ரெட்டில் ஒரே விரலால் அழுத்தினால் முடிந்தது. ஐந்தும் ஆறும் ஒலிக்கக் கூடாது.

ஆறாம் தந்தியில் தொடங்கும் பிடியைக் கடைசியில் கற்றுக்கொள்ளலாம். எஃப் ஷார்ப் மைனர் 7 ஃபிளாட் 5-க்கு ஆறாம், நான்காம், மூன்றாம் தந்திகளில் இரண்டாம் ஃப்ரெட்டையும், இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட்டையும் அழுத்த வேண்டும். நடுவில் இருக்கும் ஐந்தாம் தந்தியை, ஆறாம் தந்தியில் நிற்கும் நடுவிரலின் ஓரத்தால் அடக்க வேண்டும். பிக்கால் வீசி அடித்தால் தொடக்கத்தில் அந்தத் தந்தி அடங்காது என்பதால், கட்டைவிரலாலும் மற்ற மூன்று விரல்களாலும் நான்கு தந்திகளை ஒரே நேரத்தில் கிள்ளி வாசியுங்கள்.