4 − 3 சைன் தீற்றாவின் வீச்சம் 3 என்றால், உயர்வுப் பெறுமானம் எப்படி 7 ஆகும்?

உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்யும் தம்பியோ தங்கச்சியோ போலத் தெரிகிறது. 3 என்று எழுதிவிட்டு, விடையில் 7 இருந்ததைப் பார்த்துத் தலையைச் சொறிந்திருப்பீர்கள். நானும் சொறிந்தவன்தான்.

வீச்சத்தைப் பூச்சியத்திலிருந்து அளப்பதில்லை, அலையின் நடுக்கோட்டிலிருந்து அளக்கிறோம். உங்கள் அலைக்கு நடுக்கோடு 4. அங்கிருந்து 3 ஏறினால் 7, 3 இறங்கினால் 1. கழித்தல் குறி இருப்பதற்காக வீச்சம் −3 ஆகிவிடாது, அது ஒரு தூரம். குறி செய்வதெல்லாம் அலையைக் கவிழ்ப்பதுதான்: 90 பாகையில் இழிவு, 270 பாகையில் உயர்வு.

சரி, கேட்டதற்குப் பதில் முடிந்தது. ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் பழைய சூடு.

"சைனுக்கு முன்னால் நிற்கும் எண்தான் உயர்வு" என்று எங்கள் ரியூசனில் மைக் பிடித்துச் சொல்லித்தந்தார்கள். நடுக்கோடு பூச்சியமாக இருக்கும்வரை அது பலிக்கும். நிரம்பி வழிந்த மண்டபத்தில் கையைத் தூக்கி "ஏன் சேர்?" என்று கேட்க யாருக்குத் துணிவு வரும்? கண்ணில் படும் எண்ணே உச்சம் என்ற நம்பிக்கை அங்கே ஊறிப்போனது.

அப்போது வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் இருந்தோம். டிவிடி பிளேயர் வேலை செய்யவில்லை. திறந்தால், மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு கொள்ளளவி (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிற்றர்) வயிறு ஊதி நின்றது. மேலே, அது தாங்கக்கூடிய அளவு 400 வோல்ற் என்று அச்சிட்டிருந்தது. 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய் முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாகக் கேட்டேன். 400 கிடைக்கவில்லை, 250 கிடைத்தது. வீட்டுக்கு வருவது 230 தானே, இன்னும் 20 மிச்சம் என்று கணக்குப் போட்டேன். சுவிட்சைப் போட்டுச் சில விநாடிகளில் டமார்! அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார்.

230 உச்சம் இல்லை. அதே வெப்பத்தைத் தரக்கூடிய நேரோட்டத்துக்கு (டிசி) சமமான எண் அது. வீட்டுக்கு வரும் ஆடலோட்ட (ஏசி) அலையின் வீச்சம் அதன் √2 மடங்கு, ஏறக்குறைய 325 வோல்ற். கொள்ளளவி அந்த உச்சம்வரை நிரம்பப் பார்க்கும். பொறியியலாளர்கள் திருத்த வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்: கொள்ளளவிக்கு முன்னால் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் டயோட்டுகளில் ஒன்றரை வோல்ற் அளவில் விழும்தான். 323 என்றாலும் 250ஐ விடக் கூடத்தானே? பிறகு, இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் மின் தங்கியிருந்து அடிக்கும்.

கூரைத் தட்டில் உள்ளங்கை அளவு கறுப்பு அடையாளம் ஒன்று மிஞ்சியது. வீட்டை விட்டு வரும்போது அதைக் காட்டியே உரிமையாளர் அட்வான்ஸில் முழு வீட்டுக்கும் பெயின்ற் செலவைக் கழித்துக்கொண்டார். கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். அந்த மனுசனுடைய பேராசைக்கு வீச்சமும் இல்லை, நடுக்கோடும் இல்லை.

அடுத்து உங்களுக்கு 3 சைன் தீற்றா + 4 கோசைன் தீற்றா வரும். அவசரத்தில் கூட்டி 7 என்று எழுதிவிடாதீர்கள். சைன் உச்சத்தில் நிற்கும்போது கோசைன் பூச்சியத்தில் கிடக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருவதில்லை. 9ஐயும் 16ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். உயர்வு 5.