பென்ஷன்காரரின் இலவச வகுப்பு

அன்புள்ள ஐயா,

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வயது அறுபத்து மூன்று. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். சின்ன வயதில் முறையாகப் பாட்டுக் கற்றேன். வேலையும் குடும்பமுமாக இருந்ததில் விட்டுப்போனதை ஓய்வுக்குப் பிறகு தூசி தட்டி எடுத்தேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் மாலை வீட்டுக் கூடத்தில் பதினான்கு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். கலிபோர்னியாவில் மகளின் தோழி வீட்டுக் குழந்தைகள் இருவருக்கு விடியற்காலையில் ஜூமில் வகுப்பு. மூன்று மணிக்குப் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும். மாடித்தோட்டம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பாசுர கோஷ்டி. "நீ ஆபீஸ் போன காலத்தில்கூட நாம் சேர்ந்து காபி குடித்தோம்" என்கிறார் என் கணவர்.

பிள்ளைகளிடம் நான் பணம் வாங்குவதில்லை. வித்தையை விற்கக் கூடாது என்பது என் குருவின் வாக்கு. தியாகராஜ சுவாமிகளே நிதி வேண்டாம் என்றவர்தானே. காசு வாங்காத வகுப்புக்காக வீட்டில் எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறேன் என்பதுதான் வேடிக்கை. எதைக் குறைப்பது? தோட்டத்தையா, வகுப்பையா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள அம்மா,

தோட்டத்தில் கை வைக்காதீர்கள். பேரனை அழைத்து வரும் வேலையை அவன் தாத்தாவிடம் கொடுங்கள். காபிக்குத் துணை தேடுகிறவருக்கு மூன்று மணி வெயிலில் கொஞ்சம் நடை நல்லது. கலிபோர்னியாவில் மாலை ஐந்து என்றால் நமக்குக் கோடையில் காலை ஐந்தரை, அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு ஆறரை. அதற்குத் தகுந்தபடி தூங்கப் போங்கள். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுருதிப்பெட்டியை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். பாசுர கோஷ்டி பற்றி எனக்குக் கருத்தில்லை.

கேட்டதற்குப் பதில் முடிந்தது. தினமும் வரும் கடிதங்களில் உங்களுடையதை எடுத்துவைத்தது வேறு காரணத்துக்காக. 'பணம் வாங்குவதில்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி, கொஞ்சம் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியோடு எனக்குக் கொஞ்ச காலமாகவே சண்டை.

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற ஒரு பெண் இருக்கிறாளா என்று என்றைக்காவது விசாரித்தீர்களா? இருப்பாள். திருச்சியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது, பக்கத்தில் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. வருடா வருடம் அங்கிருந்து படித்து வெளியே வருகிறவர்களெல்லாம் எங்கே போகிறார்கள்? சபாவில் பாடுகிறவர்கள் நூற்றில் ஒன்றிரண்டு தேறினால் அதிகம். 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் என்று 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு சில ஆயிரம் கூடியிருக்கிறது. வேலை நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்காருவதும் போலீஸ் வேனில் ஏறுவதும் நின்றபாடில்லை. அந்த வேலையாவது கிடைத்தவர்கள் இவர்கள். மற்றவர்களுக்கு வீட்டு வகுப்புதான் சோறு. மாதம் ஐந்நூறு, அறுநூறு என்று வாங்கி வீட்டு வாடகை கட்டுகிற அந்தப் பெண்ணின் தெருவில், வங்கிப் பென்ஷன் வருகிற நீங்கள் பலகை மாட்டாமல் ஒரு இலவசக் கடை திறந்திருக்கிறீர்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும். மாயவரத்தில் நாங்கள் இருந்த தெருவில் ஒரு பாட்டு வாத்தியார் இருந்தார். நாகஸ்வரக் குடும்பம். மூச்சுக்கோளாறினால் வாத்தியத்தை விட்டுவிட்டு வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். என் அக்கா அவரிடம் போவாள், நான் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். பாட்டில் முதல் பாடமான சரளி வரிசையை ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் பாட வேண்டும், கும்பலோடு கத்துகிற வேலையெல்லாம் அவரிடம் நடக்காது. அதைப் பாடுகிற மாயாமாளவகௌளை ராகத்தில் ரி என்கிற ரிஷபம், ஸா என்கிற ஷட்ஜத்தை ஒட்டி உட்கார வேண்டியது. பிள்ளைகள் அதை எப்போதும் ஒரு பிடி மேலே தூக்கிவிடும். அவர் திட்ட மாட்டார், நிறுத்துவார். மறுபடி ஸா. மறுபடி ரி. அது தானாக இறங்கி உட்காருகிற வரைக்கும் அடுத்த ஸ்வரம் கிடையாது. ஒரு ரிஷபத்துக்காக அக்கா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த நாள் உண்டு.

அப்போதுதான் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தெருக்கோடியில் வீடு கட்டிக் குடிவந்தார். நல்ல மனிதர். சுமாராகப் பாடுவார். கூடத்தில் மின்விசிறி, வெள்ளிக்கிழமை சுண்டல், கட்டணம் கிடையாது. எங்கள் அம்மா கணக்குப் போட்டாள், எல்லா அம்மாக்களும் கணக்குப் போட்டார்கள். வாத்தியார் வீட்டுத் திண்ணை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாயிற்று. அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிசி மண்டியில் கணக்கெழுதப் போய்விட்டார். அதிகாரி இரண்டு வருடம் கழித்து மகனோடு இருக்கப் பம்பாய் போனார். போகத்தானே வேண்டும், அவருக்கு வயதாகிவிட்டது. அத்தோடு அந்தத் தெருவில் பாட்டு முடிந்தது. அக்காவின் சங்கீதம் ஆரம்பப் பாடமான மலஹரி கீதத்தோடு நிற்கிறது, இன்றைக்கும்.

உங்கள் மகள் நாளைக்கே "அம்மா, ஆறு மாதம் வந்து இரு" என்றால் நீங்களும் கலிபோர்னியா போவீர்கள். பதினான்கு பிள்ளைகளும் அப்போது எங்கே போகும்? அந்தப் பெண் அதற்குள் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பாள்.

தியாகராஜரை வேறு இழுத்திருக்கிறீர்கள். அவர் வேண்டாம் என்றதாக மரபு சொல்வது தஞ்சை அரசவை கொடுக்க வந்த பொருளை. தெரு கொடுத்த அரிசியை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. உஞ்சவிருத்தி என்றால் என்ன? செம்பை எடுத்துக்கொண்டு பாடியபடி வீதியில் போவது, வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி வாங்குவது. இன்றும் அவர் நினைவு நாளான பகுள பஞ்சமி அன்று திருவையாற்றில் ஆராதனை அந்த உஞ்சவிருத்தியோடுதான் தொடங்குகிறது. கேட்ட பாட்டுக்குத் திருவையாற்றுத் தெருக்காரர்கள் அரிசி போட்டார்கள், அதில் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. குருகுலத்தில் மட்டும் என்ன, இலவசமாகவா சொல்லிக்கொடுத்தார்கள்? தண்ணீர் இறைத்து, துணி துவைத்து, மாட்டுக்குத் தீனி வைத்து, வருடக்கணக்கில் உழைத்துக் கொட்டினார்கள் சீடர்கள். அந்த உழைப்புக்கு இன்றைய கூலியைப் போட்டுப் பாருங்கள், ஐந்நூறு ரூபாயெல்லாம் எந்த மூலைக்கு? 1949-இல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி தொடங்கியபோது பெரிய பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர் அதற்கு முதல்வர். பெரிய பாடகி டி. பிருந்தா அங்கே ஆசிரியர். மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். பிருந்தா வித்தையை விற்றார் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

வித்தையை விற்கக் கூடாது என்று தைரியமாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் நிலமோ மாதச் சம்பளமோ கையில் வைத்திருந்தவர்கள். வேறு வழியில்லாமல் வாத்தியத்தை நம்பியே பரம்பரையாகப் பிழைத்த குடும்பங்கள் அதைச் சொல்லியிருக்க முடியாது. உங்கள் குரு நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு எதிலிருந்து வருமானம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழைப் பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்தப் பதினான்கில் எத்தனை பிள்ளை ஏழை? ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "கராத்தே முடிந்து வர அரைமணி லேட்டாகும் ஆன்ட்டி" என்று வாட்ஸ்அப் போடுகிற வீடுகளாகத்தான் இருக்கும். கராத்தேக்கு மூன்று மாதக் கட்டணம் முன்பணமாகக் கட்டியிருப்பார்கள், அதற்கு லேட்டாகப் போக மாட்டார்கள். உங்கள் மாலை நேரம் எங்கே கரைகிறது என்று தேடினீர்களே, அந்த அரைமணிகளில் பாருங்கள். நிஜமாகவே முடியாத பிள்ளை ஒன்றிரண்டு இருந்தால் அந்தப் பெண்ணிடம் சேர்த்துவிட்டு, கட்டணத்தை உங்கள் பென்ஷனிலிருந்து கட்டுங்கள். அதற்குப் பெயர் தர்மம். இப்போது நீங்கள் செய்வது அடுத்தவள் பையிலிருந்து எடுத்துச் செய்கிற தர்மம்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். அறுபது வயதுக்குமேல் தொண்டையைத் திரும்பப் பழக்கி, பதினான்கு பிள்ளைகளுக்கு ஸா பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவர்களை நான் கும்பிடுகிறேன். டிசம்பர் சீசனில் எதிரே உட்கார்ந்து தாளம் போடுகிற கூட்டத்தை உருவாக்கியது உங்களைப் போன்றவர்கள்தான், மேடையில் இருக்கிறவர்கள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாகத் திட்டுகிறேன்.

ஆரம்பப் பாடங்களைத் தாண்டி வர்ணம் வரைக்கும் வந்துவிட்ட பிள்ளைகளை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாலை போதும். சரளி வரிசைக்காரர்களை அந்தப் பெண்ணிடம் அனுப்புங்கள். முதலில் போய் அவள் பாட்டை ஒரு நாள் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவள் என்ன வாங்குகிறாளோ அதற்கு ஒரு ரூபாய் குறையாமல் நீங்களும் வாங்குங்கள். நேரில் கேட்க வாய் வராது. நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி அனுப்பிவிடுங்கள். நான்கைந்து பேர் நின்றுவிடுவார்கள். நிற்கட்டும்.