தையல் சந்தேகங்கள்: கேள்வி - பதில்

கேள்வி: வீட்டில் ஆல்ட்டரேஷன் எடுத்துத் தைக்கிறேன். பட்டு பிளவுஸை 2 இஞ்ச் லூஸாக்கச் சொன்னார்கள். பக்கத் தையலை இரண்டு பக்கமும் 1 இஞ்ச் தள்ளினேன். தொளதொளவென்று ஆகிவிட்டது. பழைய தையல் தடமும் தெரிகிறது. எங்கே தவறு?
- வாசகி, கரூர்

பதில்: கணக்கில்தான் பிசகு. பக்கத் தையலை அரை இஞ்ச் தள்ளினாலே முன்துண்டில் அரை, பின்துண்டில் அரை என ஒரு பக்கத்துக்கு 1 இஞ்ச் கிடைத்துவிடும். இரு பக்கமும் சேர்த்து 2 இஞ்ச். நீங்கள் தள்ளிய அளவுக்குச் சுற்றளவு 4 இஞ்ச் கூடியிருக்கும்.

இனிமேல் புதுத் தையலை முதலில் போட்டுவிட்டுப் பழையதைப் பிரியுங்கள், துணி நகராது. கை ஓரத்தில் தொடங்கி, அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே கோடாகத் தைக்க வேண்டும். அக்குளில் நிறுத்தி நிறுத்தித் தைத்தால் அங்கே சுருக்கம் விழும்.

பருத்தியில் ஊசித் துளைகளை ஈரத்துணி வைத்து அயர்ன் செய்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டில் அப்படி மூடாது. பழைய பிளவுஸாக இருந்தால் உள்ளே மடங்கியிருந்த பகுதி நிறம் மங்காமல், பிரித்ததும் பட்டையாகத் தெரியும். இரண்டையும் துணியை வாங்கும்போதே சொல்லிவிடுவதுதான் நேர்மை. அக்குள் ஓரத்தில் கத்தரி வெட்டு இருக்கிறதா என்றும் அப்போதே திருப்பிப் பாருங்கள். வெட்டு ஆழமாக இருந்தால் அங்கே லூஸாக்க முடியாது.

கையைத் தூக்கினால் பிளவுஸும் மேலே ஏறுகிறது என்பார்கள். அது அக்குள் வளைவு இறக்கமாக வெட்டப்பட்டதால் வருவது. பக்கத்தைப் பிரித்துப் பயனில்லை.

கேள்வி: முதல் சலவையிலேயே லைனிங் பிளவுஸ் சுருங்கி உப்புகிறது. ஏன்?
- வாசகி, தென்காசி

பதில்: பருத்தி லைனிங் சுருங்குகிறது, மேல்துணி சுருங்கவில்லை. வெட்டும் முன் லைனிங்கைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவைத்து, அயர்ன் செய்து வெட்டுங்கள். அவசர ஆர்டர் என்றாலும் இதை விடாதீர்கள்.

கேள்வி: டி-ஷர்ட் ஓரம் அடிக்கும்போது தையல் விட்டுவிட்டு விழுகிறது. மெஷினில் கோளாறா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். பின்னல் துணிக்கு முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி வேண்டும். 11 அல்லது 14 நம்பர் போதும். தைக்கும்போது துணியை இழுக்காதீர்கள்.