மருந்து பூசிய ஸ்டென்ட்டின் மேற்பூச்சு நாளடைவில் உடலுக்குக் கேடு செய்யுமா?

தந்தையின் இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கப் பொருத்திய ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயில், மருந்தைப் பிடித்துவைக்கும் பாலிமர் (பிளாஸ்டிக் வகை) பூச்சு பின்னாளில் நஞ்சாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "நெஞ்சுக்குள் பிளாஸ்டிக்கை வைத்துவிட்டார்கள்" என்று யாரோ உங்களைக் கலங்கடித்திருக்கிறார்கள் என நினைக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். மருத்துவக் கருவிகளின் உயிரிப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவன். நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சொல்லக்கூடியவர்கள் முழுவதும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

மருத்துவக் கருவிகளின் உயிரிப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10993 என்னும் பன்னாட்டுத் தரநிலைப்படி, கருவியை ஊட்டக் கரைசலில் 37 டிகிரி செல்சியஸில் ஊறவைத்து, அந்தச் சாற்றைச் ஆய்வகத்தில் வளர்க்கும் எல்929 என்னும் சுண்டெலிச் செல்கள்மேல் விடுவோம். நலமான செல்கள் கதிர்போல நீண்டு தட்டின் அடியில் படர்ந்திருக்கும். நஞ்சு பட்டவை உருண்டு, பிடிவிட்டு மிதக்கும். சாறு படாத செல்களோடு ஒப்பிட, உயிர்த்திறன் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நச்சுத்தன்மைக்கு வாய்ப்புண்டு என்று பதிவுசெய்வோம்.

ஒரு தயாரிப்பாளர் அனுப்பிய பூச்சுத் துண்டுகள் இதில் குறையின்றித் தேறின. ஆனால் அவை கிருமிநீக்கம் செய்யப்படாதவை. விற்பனைக்குப் போகும் நிலையிலேயே கருவி வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நின்றதில் அவர்களுக்கு வருத்தம். அந்தக் கருவி வந்தபின் சோதித்தபோது, மறுநாள் காலை நுண்ணோக்கியில் செல்கள் பெரும்பாலும் உருண்டு கிடந்தன. பாலிமர்மீது பிழையில்லை, கிருமிநீக்கத்துக்குச் செலுத்திய எத்திலீன் ஆக்சைடு வாயு, போதிய நேரம் காற்றோட்டத்தில் வைக்கப்படாததால், பூச்சுக்குள்ளேயே தங்கியிருந்தது.

ஆகவே பொருளின் பெயரை மட்டும் வைத்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. செயற்கை இதய வால்வின் தையல் வளையத்தில் வெள்ளி பூசினால் கிருமித்தொற்று வராது என்று நம்பி வந்த சில்சோன் வால்வில், வளையத்தைச் சுற்றி ரத்தம் கசிவது கூடுதலாக இருந்ததால், 2000 ஜனவரியில் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்ற முதல் மருந்து ஸ்டென்ட்டிலும் மருந்து சில வாரங்களில் பெரும்பாலும் வெளியேறிவிட, அழியாத பாலிமர் மட்டும் எஞ்சியது; அது சிலருக்கு அழற்சியைத் தூண்டி, குழாயின் உட்படலம் ஸ்டென்ட்டை மூடுவதைத் தாமதப்படுத்தி, ஓராண்டு கழிந்த பின்னும் ரத்தக்கட்டுக்கு இடம் கொடுத்தது. இன்று புழங்குபவற்றில் ரத்தத்தோடு இணக்கமான ஃபுளோரோபாலிமர் (ஃபுளோரின் சேர்ந்த பாலிமர்) உண்டு, லாக்டிக் அமிலமாகச் சிதைந்து மறையும் பூச்சும் உண்டு. அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் ரத்தக்கட்டைத் தடுக்கத் தந்த மாத்திரைகளை இதய மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

எனக்குள்ள மனக்குறை ஒன்றுண்டு. ஸ்டென்ட்டுக்கு விலை வரம்பு விதித்த இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஆணையே, அதன் வணிகப் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றை மருத்துவமனை ரசீதில் தனியே குறிக்கச் சொல்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுத்த ரசீதில் வெறும் "ஸ்டென்ட் - 1" என்றிருந்தது. என்ன பூச்சு என்று தெரியாதவரிடம் அதன் பாதுகாப்பைப் பற்றி எப்படிப் பேசுவது? உங்கள் ரசீதைப் பாருங்கள். அந்த மூன்றும் இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயர் தெரிந்தால் இங்கேயே குறிப்பிடுங்கள், அதன் பூச்சு எந்த வகை என்று சொல்கிறேன்.